புகை ஐஸ்

“என் ஐஸ் பெட்டியைத் தூக்கித் தண்ணியில போட்டது யாரு?”

படகுக்காரன் கத்திய கத்தலில் படகுத்துறையே திரும்பிப் பார்த்தது.

“நான்தான்” என்றார் பக்கத்துப் படகு மெக்கானிக். அவர் தோளில் படகுக்காரனின் நான்கு மாதக் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

பாவம், ஒரு வாரமாகப் படகுக்காரன் படாத பாடு பட்டிருந்தான். குடும்பம் நடத்துவதே படகின் தகரக் கூரை அறையில்தான். வெயிலில் அறை கொதித்தது. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, பொட்டுத் தூக்கமில்லை. ஏசி வாங்க அவனுக்கு வசதி ஏது? ஒரு தெர்மாகோல் பெட்டியில் இரண்டு ஓட்டை போட்டு, பழைய கம்ப்யூட்டர் ஃபேனைப் பொருத்தி, படகு பேட்டரியில் ஓடவிட்டான். சாதா ஐஸ் ஒரு மணி நேரத்தில் கரைந்து பாயை நனைத்ததுதான் மிச்சம்.

இன்று ஐஸ்கிரீம் கம்பெனியில் கழித்துப்போட்ட, ‘டிரை ஐஸ்’ என்கிற புகை ஐஸ் சும்மாவே கிடைத்தது. அள்ளி வந்து பெட்டியில் கொட்டினான். குளிர் வெளியே போகக் கூடாதென்று ஜன்னல் இடுக்கிலெல்லாம் துணியைத் திணித்தான். அரை மணியில் அறை சில்லென்று ஆகிவிட்டது. தரையில் பாய்மேல் கிடந்த குழந்தை அசந்து தூங்கியது. அந்த நிம்மதியில் அவன் டீ குடிக்கப் போனான். மனைவி துணி காயப்போட வெளியே வந்தாள்.

அதற்குள் இந்தக் கூத்து.

“கேட்காம கொள்ளாம உள்ள புகுந்து, தூங்குற பிள்ளையைத் தூக்கிட்டு வந்துட்டாருங்க! பெட்டியையும் தூக்கி எறிஞ்சுட்டாரு. நாங்க சில்லுனு இருந்தா இவருக்கு என்ன வயித்தெரிச்சல்?” என்று மனைவி அவரிடமிருந்து குழந்தையைப் பிடுங்கினாள்.

“பச்சப்பிள்ளையைக் கொண்டுவந்து வெயில்ல வதைக்கிறீரே, நீரெல்லாம் மனுஷனா?” என்றார் பெரியவர் ஒருவர்.

“அழட்டும்யா. நல்லா அழட்டும்” என்றார் மெக்கானிக்.

படகுக்காரன் பளாரென்று ஓர் அறை விட்டான். யாரும் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், பலருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

“குடும்பம் குட்டின்னு இருந்தாத்தானே பிள்ளையோட அருமை தெரியும்!” என்றாள் எதிர்ப் படகுக்காரி, எல்லோருக்கும் கேட்கும்படி.

மெக்கானிக் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. குழந்தையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலம் பாரித்திருந்த உதட்டில் மெல்ல மெல்லச் சிவப்பு ஏறியது. அதைத் தாயும் இப்போதுதான் கவனித்தாள். முந்தானையால் அந்த உதட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

“அந்த ஐஸ் கரைஞ்சா தண்ணியாகாது தம்பி. காத்தாகித் தரையோட தேங்கும். அடைச்ச ரூம்ல அதைச் சுவாசிச்சா தூக்கத்துலயே உயிர் போயிடும். வாடைகூட வராது” என்றார் மெக்கானிக்.

“இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னாங்க?” படகுக்காரனின் குரல் இறங்கிவிட்டது.

“யாரும் சொல்லலை. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நானும் இதே மாதிரி ஒரு பெட்டி செஞ்சேன். பொண்டாட்டியும் பொண்ணும் நிம்மதியாத் தூங்கட்டும், யாரும் கதவைத் தட்டி எழுப்பிடக் கூடாதுன்னு, வாசல்லயே உட்கார்ந்து காவல் காத்தேன்.”