படகுக்காரியின் நிறம்

ஆணுக்குச் செம்மண் நிறம், பெண்ணுக்கு மஞ்சள். கல்லறைச் சுவர்களில் நாங்கள் அப்படித்தான் தீட்டுவோம். ஆண் வெயிலில் அலைபவன், பெண் வீட்டுக்குள் இருப்பவள். இறந்த பின்னும் அது மாறாது.

படகுக்காரி உலகி உயிரோடிருக்கும்போதே தன் கல்லறையைப் பற்றிப் பேச வந்தாள். ஆற்று வெயில் அவள் பார்வையை முழுதாகத் தின்றுவிட்டிருந்தது.

"என்னைச் சிவப்பா தீட்டு, தம்பி. நாற்பது வருஷம் துடுப்புப் போட்டவ நான். என் புருஷன் படகு நிழல்ல படுத்துத் தூங்கினவன். அவனுக்குச் சிவப்பு, எனக்கு மஞ்சளா?"

நான் சிரித்தேன்.

"சிரிக்காதே. மஞ்சளா போனா அங்கேயும் என்னை வீட்டுக்குள்ள வச்சிடுவாங்க. ஆத்தைப் பார்க்கவே விடமாட்டாங்க."

வாக்குக் கொடுத்தேன். அவள் புருஷனுக்குப் பக்கத்தில் அவளையும் சிவப்பாகவே தீட்டினேன். முடித்த அன்று மதியம் கல்லறை வேலைகளை மேற்பார்க்கும் கண்காணி வந்து பார்த்தார். "ஏன் ரெண்டு ஆம்பளைங்க?" என்று மட்டும் கேட்டார். மாற்றச் சொல்லவில்லை. அவர் வாசலைத் தாண்டுமுன் நானே மஞ்சளைக் கரைக்கத் தொடங்கியிருந்தேன்.

மாலையில் உலகி வந்தாள்.

"சிவப்புதானே, தம்பி?"

"ஆமாம், அக்கா."

அவள் சுவரைத் தடவி, தன் உருவத்தின்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். சாயம் இன்னும் காயவில்லை. கழுவிக்கொள்ளச் சொல்லி அவசரமாகத் தண்ணீரை நீட்டினேன்.

"வேணாம். துறையில எல்லாருக்கும் காட்டணும்."

கையை உயரத் தூக்கிப் பிடித்தபடி அவள் வெளியே நடந்தாள்.