அட்வான்ஸ் வேண்டாத வீடு

"குழாயைத் திருகிப் பாருங்கன்னுதான சொன்னேன். கையோட கழட்டி எடுத்துட்டீகளே, அண்ணாச்சி."

கனகசபாபதி வாடகைக்கு வீடு பார்க்க வந்திருந்தார். வலது கையில் குழாய் இருந்தது. இடது உள்ளங்கையால் சுவர் ஓட்டையைப் பொத்திக்கொண்டிருந்தார். விரலிடுக்கில் பீய்ச்சிய தண்ணீர், இஸ்திரி போட்ட அவருடைய ஒரே சட்டையை முடித்துவிட்டு, வீட்டுச் சொந்தக்காரி சோலையம்மாளின் சேலையையும் விசாரித்தது. சிவகாசியில் தண்ணீருக்கு இருக்கும் அருமைக்கு, இதற்கே ஆளைத் தெருவரை துரத்தியிருக்கலாம்.

சோலையம்மாள் நிதானமாக மொட்டைமாடிக்குப் போய்த் தொட்டியின் வால்வை அடைத்துவிட்டு வந்தாள்.

"அது கெடக்கு, பழசு. வீடு பிடிச்சிருக்கா?"

அவருடைய குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

ஊரில் எந்த வீட்டுக்காரரும் அவருக்குக் கதவைப் பாதிக்கு மேல் திறந்ததில்லை. பட்டாசுக் கம்பெனிகளுக்காகத் தன் அச்சகத்தில் அடித்த இரண்டாயிரத்து ஐந்தாம் வருடக் காலண்டரில், எல்லாப் பண்டிகையையும் சிவப்பில் போட்டுவிட்டுத் தீபாவளியை மட்டும் மறந்துபோன மகான் அவர். சரக்கு லோடு லோடாகத் திரும்பி வந்தது. ஏற்கெனவே கழுத்துவரை இருந்த கடன் தலைக்கு மேல் போய்விட்டது. கையில் ஒன்றுமில்லை என்று கோர்ட்டு வழியாக எல்லோருக்கும் மஞ்சள் கடுதாசி கொடுத்தாயிற்று. சொந்த வீட்டில் பேங்க் பூட்டுத் தொங்கியது. மனைவி பொன்னுத்தங்கமும் பிளஸ் டூ படிக்கும் மகள் ஆர்த்தியும் மச்சினர் வீட்டு வராந்தாவில் மூட்டை முடிச்சுகளோடு இருந்தார்கள். இந்த வீடும் தட்டிப்போனால், பிள்ளையின் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, திருப்பூர் பஸ் ஏற வேண்டியதுதான்.

அதனால்தான் காலையில் தரகர் பாலகுரு தானாகத் தேடிவந்து இந்த விலாசத்தைச் சொல்லி, கமிஷனும் வேண்டாம் என்றபோது, காரணம் கேட்காமல் ஓடிவந்தார். முன்னெச்சரிக்கையாகப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார். இப்போது அவர் மல்லாங்கிணறு வெள்ளைத்துரை. உர வியாபாரம்.

"அட்வான்ஸ் எம்புட்டும்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்."

"வாடகை?"

"மெதுவாப் பேசிக்கிருவோம். ஒங்களுக்குச் சுகர் இருக்கா?"

"எனக்கா?"

"பிரஷரு, நெஞ்சுவலி, அந்த மாதிரி?"

"இல்லைம்மா."

"நல்லது. வண்டியில போறீகளா, நடையா?"

"வண்டிய வித்துட்டேன்."

"அதுவும் நல்லதுக்குத்தான். லாரிக்காரனுக கண்ணு மண்ணு தெரியாம வாரானுக."

தான் வீடு பார்க்க வந்தோமா, இந்த அம்மாள் மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கிறாளா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"வெளியூர்ல சொந்தக்காரக யாரும் இருக்காகளா? போய்த் தங்குற மாதிரி?"

"திருப்பூர்ல அண்ணன் ஒருத்தர் இருக்காரு."

சோலையம்மாளின் முகம் முதல்முறையாகச் சுருங்கியது. "அங்க எதுக்குப் போறீக? அந்த ஊருத் தண்ணி ஒங்களுக்கு ஒத்துக்கிடாது. இங்கன எம்புட்டு வருசம் இருப்பீக?"

"எல்லாரும் பதினோரு மாசத்துக்குத்தான எழுதுவாக?"

"பத்து வருசத்துக்கு எழுதிக்கிருவமா?"

கனகசபாபதிக்கு வேர்த்தது. சட்டை ஏற்கெனவே நனைந்திருந்ததால் வெளியே தெரியவில்லை.

"அம்மா, தப்பா நினைக்காதீக. இந்த வீட்ல யாரும் தூக்குக் கீக்கு..."

"வாயக் களுவுங்க அண்ணாச்சி. நல்லா வாழ்ந்த வீடு."

அப்படியானால் வேறு விவகாரம். சுவர் அலமாரியைத் திறந்து உள்ளே மூக்கை நுழைத்தார். லைசென்ஸ் இல்லாமல் வெடி மருந்து பதுக்கிய வீட்டில் ஆள் குடிவைத்து மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். மருந்து வாடை இல்லை. வரிசையாக நான்கைந்து தும்மல் மட்டும் வந்தது.

"ஒட்டடை. நாளைக்கு ஆள விட்டு அடிச்சுத் தாரேன்" என்றாள் சோலையம்மாள். "பிள்ளைக்கு அந்தச் சன்னல் ரூமக் குடுங்க. படிக்கிற பிள்ளைக்கு வெளிச்சம் வேணும்ல."

பிள்ளை இருப்பதைத் தான் சொல்லவே இல்லை என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை. சன்னலோரம் ஆர்த்தி உட்கார்ந்து படிப்பது போலக் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவு நல்ல மனுஷியை ஏமாற்றிக் குடிவந்தால் அந்த ரூமில் பிள்ளைக்குப் படிப்பு எப்படி ஏறும்?

"அம்மா, என் பேரு வெள்ளைத்துரை இல்ல."

"தெரியும்."

"உர வியாபாரமும் இல்ல. தீபாவளிய விட்டுட்டுக் காலண்டர் அடிச்சானே, மஞ்சக் கடுதாசி குடுத்தானே, அந்தக் கனகசபாபதி நாந்தான்."

"அதுந் தெரியும். ஊருக்கே தெரிஞ்ச மூஞ்சிக்குப் பேர மட்டும் மாத்துனா ஆச்சா?"

அவர் கையிலிருந்த குழாயை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"தெரிஞ்சுமா வீடு தாரீக? அட்வான்ஸ் இல்லாம, வாடகை பேசாம? எனக்கு ஒண்ணுமே விளங்கலைம்மா. புண்ணியமாப் போகும், ஒரே ஒரு கேள்விக்காவது நேராப் பதில் சொல்லுங்க. எம்மேல எதுக்கு இம்புட்டு இரக்கம்?"

சோலையம்மாள் சாவியை நீட்டினாள்.

"இரக்கமெல்லாம் இல்ல அண்ணாச்சி. நீங்க ஊர விட்டுக் கிளம்பப் போறீகன்னு தெரிஞ்சதும், பேப்பர் குடுத்தவரு, மை குடுத்தவரு, பைண்டிங் பாத்தவுகன்னு ஒங்க கடன்காரக அம்புட்டுப் பேரும் நேத்துச் சேர்ந்து வந்து, அட்வான்சும் ஒரு வருச வாடகையும் எங்கிட்டக் கட்டிட்டுப் போயிட்டாக. நீங்க உசுரோட உள்ளூர்லயே இருந்தாத்தான் அடுத்த காலண்டர் சீசன்லயாவது அவுக காசு திரும்புமாம், பத்திரமாப் பாத்துக்கிறச் சொல்லியிருக்காக."