விதி மாறிய பிறகு

சோதனை அறையில் ட்யூப்லைட் மெல்ல ரீங்கரிக்கிறது. தம்பி மேஜைமேல் அட்டைகளை நிறம் பார்த்து வைக்கிறான்; சிவப்பின் மேல் சிவப்பு, பச்சையின் மேல் பச்சை. "தப்பு" என்கிறார் உளவியல் நிபுணர், கோபமில்லாமல். சற்று முன்புவரை அதுதான் சரி. இப்போது அட்டையிலுள்ள வடிவம் பார்த்து வைக்க வேண்டும். விதி மாறியதை அவனேதான் கண்டுபிடிக்க வேண்டும், யாரும் சொல்லக் கூடாது. சுவரோரம் கைப்பையின் ஜிப்பை இழுத்தபடி உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு அது எப்போதோ புரிந்துவிட்டது. அவன் மறுபடியும் சிவப்பின் மேலேயே சிவப்பை வைக்கிறான். "தப்பு." லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தபோது, ஓடுகிற சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொன்னவன் அவன். நோய் வந்ததிலிருந்து அவன் காதில் கேட்ட குரல்களெல்லாம் மாத்திரை ஆரம்பித்த பிறகு ஓய்ந்துவிட்டன. அவை போனால் பழைய தம்பி வந்துவிடுவான் என்றுதான் அவள் காத்திருந்தாள். "இப்ப ஏதாவது குரல் கேட்குதா?" என்கிறார் நிபுணர். "இல்லைங்க. முன்னாடின்னா இதைச் செய், அதைச் செய்னு யாராவது சொல்லிட்டே இருப்பாங்க." அடுத்த அட்டையைக் கையில் பிடித்தபடி அவன் திரும்புகிறான். "நீயாவது சொல்லேன்க்கா, இதை எங்க வைக்கணும்?" வாய்வரை வந்த பதிலை விழுங்கிவிட்டு அவள் ஜன்னலைப் பார்க்கிறாள்.