அலாரம் போகும் இடம்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெற்றவனைப் பார்க்க வருவதில்லை. பட்டன் மாட்டிவிட்டுப் போகிறார்கள்.

என் மகனும் என் கழுத்தில் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தான். நான் விழுந்தால் அதை அமுக்க வேண்டும். அவனே எழுதிய புரோகிராம் இணையம் வழியாக அவன் போனில் அலாரம் அடிக்க வைக்குமாம்.

பல மாதம் கழித்து வந்தவன் மார்தட்டினான்.

"ஒரு தடவைகூட அடிக்கல. கல்லு மாதிரி இருக்கீங்கப்பா!"

"அந்த அலாரம் யாருக்குப் போகணும்னு எங்கடா எழுதி வச்சே?"

"போன் நம்பரைத் தனி ஃபைல்ல வச்சா யாராவது நோண்டிடுவாங்க. அதான் புரோகிராமுக்குள்ளயே எழுதிட்டேன். லேசுல மாத்த முடியாது."

அப்போது அவனுடைய ஆபீஸ் நண்பன் நெட்டையன் மருந்துப் பையோடு உள்ளே வந்தான்.

"இடுப்பு எப்படி இருக்குப்பா? திரும்ப பாத்ரூம்ல விழுந்து என்னை ஓட வைக்காதீங்க."

மகனுக்கு முகம் வெளிறியது. "விழுந்தாரா? உனக்கெப்படிடா தெரியும்?"

"சோதிச்சுப் பாக்க என் போன் நம்பரைத்தானே புரோகிராமுக்குள்ள எழுதினே? அப்புறம் நீ மாத்தவே இல்லையே."

மகன் அவசரமாக லேப்டாப்பைத் திறந்தான். "பட்டனைக் கழட்டிக் குடுங்கப்பா. இப்பவே மாத்திடறேன். இனிமே எனக்கே அடிக்கும்."

"அடிக்கும். தூக்க யாருடா வருவா?"

"நான் வருவேன்ப்பா, சத்தியமா!"

பட்டனைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு, நெட்டையன் தோளைப் பிடித்தபடி உள்ளறைக்கு நடந்தேன்.