காட்டினால் வரும் தண்ணீர்

பூனை இருந்த வீட்டில் சென்சார் குழாய். முன்னங்காலை நீட்டினாலே தண்ணீர் கொட்டும். பூனை குடித்துவிட்டு மீசையை நீவிக்கொள்ளும். காக்கா மட்டும் குழாயடியில் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தது.

“காலைக் காட்டேன்யா,” என்றது பூனை.

“நாளைக்கு வேற வீட்டுக்குப் போனா என்ன பண்றது? எல்லா ஊர்க் குழாயும் சொட்டும். நான் சொட்டுறதை மட்டும்தான் நம்புவேன்.”

“இது புது மாடல். சொட்டவே சொட்டாது.”

காக்கா நாக்கு வறண்டு காத்திருந்தது.

மறுவாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். பூனை பக்கத்து வீட்டுக்கு வந்தது. அங்கே பழைய பித்தளைக் குழாய். பூனை முன்னங்காலைக் காட்டியது, பின்னங்காலைக் காட்டியது, கடைசியில் வாலையும் காட்டியது. காக்கா பக்கத்திலேயே நின்று சொட்டுத் தண்ணீரை ரசித்துக் குடித்தது.

“ரெண்டு பேருக்கும் வீம்பு,” என்றது மதில் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அணில். “நான் எங்க போனாலும் முதல்ல காலைக் காட்டுவேன். வரலைன்னா சொட்டுதான்னு பார்ப்பேன். அப்புறம் திருகுவேன், அமுக்குவேன், தட்டுவேன். தாகத்தோட திரும்பினதே இல்ல.”

மூன்றும் அடுத்த வீட்டுக்குப் போயின. வாசலில் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் இருந்தது. பூனையும் காக்காவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு குனிந்து குடித்தன.

அணில் கிண்ணத்துக்குக் காலைக் காட்டியது. அடியில் சொட்டுகிறதா என்று எட்டிப் பார்த்தது. திருகியது, அமுக்கியது. அது தட்டுவதற்குள் கிண்ணம் காலியாகிவிட்டதால் சத்தம் கணீரென்று வந்தது.

“இந்த வீட்ல தண்ணி வசதியே இல்ல,” என்றது அணில். “வாங்க, அடுத்த வீட்டைப் பார்ப்போம்.”