கன்னத்தில் இரண்டு

"இந்த நோட்டீசை எழுதினவன் ஆரெண்டு சொல்லு மருமகன். கன்னத்தில ரெண்டு வைக்க வேணும்."

கோபத்தில் சூசைப்பிள்ளையின் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

விஷயம் சின்னதில்லை. லண்டனிலிருந்து தங்கை சுதாஜினி அழுதழுது போன் எடுத்திருந்தாள். மகன் டனிஸ்ரன், இருபத்திரண்டு வயது, அகதிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லும் கட்சியில் சேர்ந்துவிட்டானாம். லீவு முடிந்து திரும்பியதும் வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கப் போகிறானாம். அவளோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் அகதியாக வந்தவர்கள்தான். அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது? மொன்ட்ரியாலுக்கு லீவில் வருகிறவனுக்கு நீங்கள்தான் புத்தி சொல்ல வேணும், உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பான் என்று அண்ணனைக் கெஞ்சினாள்.

புத்தி சொல்ல அவரைவிடத் தகுதியான ஆள் மொன்ட்ரியாலின் வில்லரேப் பகுதியில் கிடையாது. கள்ளப் பாஸ்போட்டைக் கிழித்து விமானத்தின் கக்கூசில் போட்டுவிட்டு, வெறுங்கையோடு மிராபெல் விமான நிலையத்தில் இறங்கியவர். முப்பத்தைந்து வருடமாக எந்தப் பிறந்தநாள் வீட்டிலும் கேக் வெட்டுமுன் அந்தக் கதைதான்.

டனிஸ்ரன் கொண்டுவந்த இங்கிலீஷ் நோட்டீசைத் தமிழாக்கி, சமையலறையில் நின்ற மனைவி கிளிக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார்.

"முந்தி வந்தவர்கள் வேறு, இப்போது வந்து குவிகிறவர்கள் வேறு. வரிசையில் நிற்காதவனுக்குக் கதவைச் சாத்த வேண்டும்."

வாசித்துவிட்டு மேசையில் எறிந்தார். "எழுதினவன் மட்டும் வரிசையில நிண்டே வந்தவன்?"

டனிஸ்ரன் மீன் முள்ளைக் கவனமாக எடுத்துக்கொண்டிருந்தான். "இல்லை மாமா. அவரும் நிக்கேல்லை."

"பாத்தியே. ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிற வெக்கங்கெட்டவன். ஆளின்ர பேரைச் சொல்லு."

டனிஸ்ரன் இடது கையால் போனை எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தான். சனிக்கிழமை தோறும் அதில் ஒரு குரல் பதிவு வந்து விழும். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனால் கேட்டால் விளங்கும்.

"நான் இங்கிலீஷில மாத்தினது மட்டும்தான் மாமா," என்றபடி ஒன்றை அழுத்தினான்.

"முந்தி நாங்கள் வந்தது வேற, இப்ப வந்து குவியிறது வேற. லைனில நிக்காததுகளுக்குக் கதவைச் சாத்த வேணும்."

சூசைப்பிள்ளையின் குரல், நடுவில் வரும் இருமல் உட்பட.

கிளி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"கன்னத்தில ரெண்டு எண்டியள். நீங்களே வைக்கிறியளோ, நான் வைக்கட்டோ?"