அதிர்ந்து பேசாதவள்

"லில்லி வேணாங்க. வாய் நீளம். நீலாம்பாளைப் போடுங்க. அந்தப் பொண்ணு அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாது," என்றார் டாக்டர் ராஜகோபால்.

காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரிகள் சேர்ந்து நடத்திய தர்ம ஆஸ்பத்திரி அது. பழைய மேட்ரன் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த இடத்துக்குச் சீனியர் நர்சுகள் இரண்டே பேர்தான். கமிட்டித் தலைவர் கைலாசம் யோசித்தார்.

"நர்சுங்களை அதட்டி வேலை வாங்கணுமே டாக்டர். இந்தப் பொண்ணு தாங்குமா?"

"அதட்டுறதுக்கு நான் இருக்கேன். மேட்ரன் சரின்னு தலையாட்டினா போதும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு வருஷமாக லில்லி அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்வரை ராத்திரி டியூட்டி பார்த்த பெண்கள் ஏன் கால் கடுக்க நிற்க வேண்டும் என்று நோயாளிகள் எதிரிலேயே கேட்டாள். வார்டு ஆயாக்கள் டாக்டர் வீட்டில் மாவாட்டுவது எந்த வைத்தியத்தில் சேர்த்தி என்றாள். பிள்ளையார்பாளையத்து நெசவாளிகள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அப்போதெல்லாம் நீலாம்பாள் தரையைப் பார்த்தபடி பக்கத்தில் நிற்பாள். மிஞ்சிப் போனால், "விடு லில்லி, டாக்டர் பெரியவரு," என்று அவள் கையைப் பிடித்து இழுப்பாள்.

நீலாம்பாள்தான் மேட்ரன் என்று அறிவித்த அன்று லில்லி முகத்தைப் பொத்திக்கொண்டு மருந்து அறைக்குள் ஓடினாள். அவள் தோள்கள் குலுங்குவதை டாக்டரே பார்த்தார். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

மறுவாரம் அவர் ரவுண்ட்ஸ் வந்தபோது வார்டில் நீலாம்பாள் மட்டும் நின்றாள். ராத்திரி டியூட்டிப் பெண்கள் எங்கே என்று கேட்டார்.

"நீங்க வெள்ளன வந்துடுவீங்கன்னு பார்த்துக்கினே இருந்தேன் சார். பாவம், புள்ளைங்களுக்குத் தூக்கம் வந்துடுச்சு. அனுப்பிட்டேன்," என்றாள் மெதுவாக.

குரலை உயர்த்தாதவளிடம் எப்படிச் சண்டை போடுவது? மறுநாள் அவர் வெள்ளனவே வந்தார்.

வைகாசியில் கருட சேவை வந்தது. டாக்டர் வீடு நிறைய விருந்தாளிகள். வழக்கம்போல் இரண்டு ஆயாக்களை அனுப்பச் சொன்னார். "சரிங்க சார்," என்றாள் நீலாம்பாள். ஆயாக்கள் வரவேயில்லை. கேட்டால், திருவிழாக் கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்களைப் பார்த்துக்கொள்ள எல்லா ஆயாக்களும் ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்று தலைவரே சொல்லிவிட்டதாகச் சொன்னாள். தலைவரிடம் போய் அதைக் கேட்டு வாங்கியது அவள்தான் என்பது டாக்டருக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதற்கடுத்த மாதம் ஒரு புது நர்சை வார்டில் வைத்து அவர் கண்டபடி திட்ட, அந்தப் பெண் அழுதுகொண்டே வெளியே போய்விட்டாள். ஊசிக்காக ஒரு நெசவாளி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"அந்தப் பொண்ணுக்குக் கை நடுங்குது சார். நீங்க ஒரு வார்த்தை தன்மையா சொன்னீங்கன்னா வந்து போட்டுடும்," என்றாள் நீலாம்பாள்.

"நீயே போடேன்."

"போடலாம் சார். அப்புறம் அது நாளைக்கும் நடுங்கும்."

நெசவாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டர் வராந்தாவுக்குப் போய், அந்தப் பெண்ணிடம் மன்னிப்பு மாதிரி எதையோ முணுமுணுத்துவிட்டு வந்தார்.

பொறுக்க முடியாமல் கைலாசத்திடம் போய் முறையிட்டார். அவரோ சிரித்தார். "நீங்க சொன்ன பொண்ணுதானே டாக்டர். கை கட்டிக்கினு வந்து நிக்குது. அதுகிட்ட இல்லேன்னு சொல்ல மனசு வரமாட்டேங்குது."

கடைசியில் டாக்டர் லில்லியைக் கூப்பிட்டு அனுப்பினார். நீலாம்பாள் மேட்ரன் ஆனதிலிருந்து லில்லியின் சத்தமே இல்லை. தப்புச் செய்துவிட்டதாகவும், அவள் சம்மதித்தால் கமிட்டியில் பேசி மேட்ரன் பதவியை மாற்றித் தருவதாகவும் சொன்னார்.

"நீயாவது கத்திட்டு விட்டுடுவே. அவ கத்தாமலே எல்லாத்தையும் நடத்திக்கிறா."

லில்லி தலையைக் குனிந்துகொண்டாள். "வேணாம் சார். அன்னிக்கு நீங்க எடுத்த முடிவுதான் சரி. எனக்கு வாய் நீளம்."

இவ்வளவு பெருந்தன்மையான பெண்ணையா வேண்டாமென்றோம் என்று டாக்டருக்கு நெஞ்சு கனத்தது.

அன்று சாயங்காலம் குவார்ட்டர்ஸில் நீலாம்பாள் கதவைச் சாத்திவிட்டு லில்லியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நம்ம ஆஸ்பத்திரியோட வாலாஜாபாத் கிளைக்கு மேட்ரன் தேடிக்கினு அந்த ஊர் டாக்டர் நாளைக்கு இங்க வராராம். அவருக்கும் அடக்கமான பொண்ணுதான் வேணுமாம்," என்றாள். "இந்த வாட்டி நான் கத்துறேன் லில்லி. நீ தரையைப் பார்த்துக்கினு நில்லு."